சேரின் கடைசிக் கிரகம்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கணினி வகுப்பு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நாட்களில் அங்கே ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருவேன். தோட்டத்துக் கந்தோரில் அலுவலக வேலைக்குக் கணினி தெரிந்த ஒருவரை எடுக்கப்போகிறார்கள், சான்றிதழ் இருந்தால் உங்கள் பிள்ளைக்கே கிடைக்கும் என்று பெரிய கிளாக்கர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் போனேன். விண்வெளியை ஆளும் எண்ணம் எதுவும் எனக்கு அப்போது இல்லை.

வகுப்பை நடத்தியவரை எல்லோரும் சேர் என்போம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றவர்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் இரண்டு தலைமுறையாக டவுனில் இருந்தவர்கள். தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது அவர் முதலில் பார்ப்பது எங்கள் செருப்பைத்தான்.

பகல் இடைவேளையில் மூலைக் கணினியில் ஒரு விளையாட்டு ஓடும். கறுப்புத் திரையில் சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்கள். ஒரே ஒரு கிரகத்தில் தொடங்கவேண்டும். கப்பல் கட்டி, பக்கத்து நட்சத்திரத்தில் ஆட்களைக் குடியேற்றி, படை சேர்த்து, பேரரசாக வளரவேண்டும். அவசரமே கிடையாது. ஒருவர் தன் முறையை முடித்தபிறகுதான் மற்றவர் தொடங்குவார். இரண்டு பேர் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடலாம். சேர் மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்து, தோற்கடித்து, சிரிப்பார்.

நான் ஒரு மாதம் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு ஒருநாள் கேட்டேன்.

“நானும் ஆடலாமா சேர்?”

“ஒனக்கா? வா, வா. ரெண்டு நாள்ல முடிச்சிர்றேன்.”

இரண்டு வாரம் போனது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்ததை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன். கட்டுகிற கப்பல் அத்தனையையும் சண்டை நடக்கிற எல்லைக்கு அனுப்பிவிடுவார். தாய்க்கிரகத்தில் காவலுக்கு ஒன்றுகூட நிற்காது. என்னுடைய சிறிய கிரகங்கள் இரண்டை வேண்டுமென்றே அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அவர் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, நெடுந்தூரம் போகக்கூடிய கப்பல்கள் சிலவற்றைக் கட்டி, ஆளில்லாத நட்சத்திரங்கள் வழியாகச் சுற்றி அனுப்பினேன். ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்க்க, அவருடைய தாய்க்கிரகம் என் நிறத்துக்கு மாறியது.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். சேர் திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியிலிருந்த வயரைப் பிடுங்கினார்.

“இது கள்ள வெளையாட்டு. இவ ஃபைல்ல கை வச்சிருக்கா” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கணினி திறக்கவில்லை. வைரஸ் என்றார்கள். நான் போட்ட வைரஸ் என்று சேர் சொன்னார். பயிற்சி முடிய மூன்று வாரம் இருந்தது. இனி வரவேண்டாம், சான்றிதழும் கிடையாது என்றுவிட்டார்.

அம்மா அன்றைக்கு அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டுமென்று அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். சேர் அவரை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்கவைத்தார்.

“சேர், எம்புள்ள அப்படிச் செய்யமாட்டாங்க. நல்லா படிக்கிற புள்ளைங்க.”

“படிக்கட்டும்மா, யாரு வேணாங்கிறது? ஆனா கொழுந்து பறிக்கிற கைக்கு இந்த மெஷினெல்லாம் சரிவராது. கூட்டிட்டுப் போங்க.”

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டார். “சரிங்க சேர்” என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வந்தார்.

கந்தோர் வேலை வேறொருவருக்குப் போனது. நான் பரீட்சையை இன்னொரு தடவை எழுதி, சுற்றி வளைத்து ஐந்து வருடம் கழித்து ஆசிரியையானேன். இப்போது நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். கணவர் எல்ல என்ற சுற்றுலா ஊரில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். குறை சொல்ல முடியாத வாழ்க்கைதான். ஆனால் அந்த வயரைப் பிடுங்கிய கை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எல்லவில் ஒரு ஹொட்டலில் கழித்துவிட்ட பழைய லெப்டொப் ஒன்றைக் கணவர் கொண்டுவந்த அன்றே தேடத் தொடங்கினேன். அந்த விளையாட்டின் பெயர் எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் வளையம் போட்ட நீலக் கிரகம் ஒன்று வரும் என்பது மட்டும்தான் ஞாபகம். அதையே வார்த்தைகளாக எழுதித் தேடினேன். வேறு என்னென்னவோ கிடைத்தன. ஒன்றில் நட்சத்திரங்கள் அவ்வளவு அழகு, எதிரிகளோ அடிக்க அடிக்க வாங்கிக்கொண்டு நிற்கும் மடையர்கள். இன்னொன்றில் நேரம் நிற்காமல் ஓடும். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனால் திரும்பி வருவதற்குள் பேரரசு போய்விடும். போனில் ஆடுகிற ஒன்றில் கிரகத்தைவிட விளம்பரம்தான் அதிகம். புதிதாக வந்த ஒன்று நன்றாக இருந்தது. அண்டை அரசுகளோடு உடன்படிக்கை செய்யலாம், ஒற்றர் அனுப்பலாம், எல்லையைத் திறந்துவிடலாம். ஆனால் என் லெப்டொப் அதைத் தாங்காமல் இரைந்து சூடாகும். ஈரத்துணியை நாலாக மடித்து அடியில் வைத்து ஆடினேன்.

இரண்டாம் வருடம் வளையம் போட்ட அந்த நீலக் கிரகத்தைக் கண்டுபிடித்தேன். யாரோ புண்ணியவான்கள் பழைய விளையாட்டைப் புதிய கணினியிலும் ஓடும்படி செய்து வைத்திருந்தார்கள். அதில் எதிரி மன்னர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். ஒருவனுக்கு ‘சேர்’ என்று வைத்தேன். மற்ற எல்லோரோடும் சமாதானம். சேரை மட்டும் அடித்தேன். அடுத்த ஆட்டத்திலும், அதற்கடுத்த ஆட்டத்திலும் அதேதான்.

“இன்னைக்கும் அந்தாளத்தான் அடிக்கிறியா?” என்பார் கணவர்.

“வேற யாரு இருக்கா?”

கணினி ஆடுகிற சேரை அடிப்பதில் ருசி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவனுக்கு வலிக்காது அல்லவா? மனிதர்களோடு ஆட ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் இணையத்தில் கூடி ஆடும் தமிழ்க் குழு ஒன்று கிடைத்தது. பண்டாரவளை ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக வேலை செய்யும் ஒருவர் நடத்தினார். உடன்படிக்கையும் ஒற்றரும் உள்ள அந்தப் புதிய விளையாட்டைத்தான் எல்லோரும் பேசிக்கொண்டே ஆடுவார்கள்; ஓர் ஆட்டம் முடியப் பல ஞாயிறு ஆகும். நான் மைக்கைத் திறக்காமல் எழுத்தில் மட்டும் பதில் சொல்வேன். புனைபெயரைப் பார்த்து என்னை ஓர் இளைஞன் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

ஒரு ஞாயிறு புதிதாக ஒருவர் சேர்ந்தார். இந்த மாதிரி விளையாட்டு முதன்முதலில் எப்படிப் பழக்கமானது என்று நடத்துனர் கேட்டார். புதியவர் தொண்டையைச் செருமினார்.

“நான் பதுளைல கொம்பியூட்டர் கிளாஸ் வச்சிருந்தேன் பாருங்க. அந்தக் காலத்துல என்னைய ஜெயிக்க ஆளே இல்ல. ஒரு தோட்டத்துப் புள்ள, பாருங்க, என்னைய ஜெயிக்கணும்னு மெஷினுக்கே வைரஸ் போட்டுட்டா!”

எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், புதிய ஆட்டத்துக்கு இடம் பிரித்துவிட்டிருந்தார்கள். என் பேரரசுக்கு அடுத்த எல்லை அவருடையது. கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன்.

அவசரப்படவில்லை. முதல் ஞாயிறே அவருக்கு உடன்படிக்கை அனுப்பினேன். அவரிடம் உலோகம் குறைந்தபோதெல்லாம் கொடுத்தேன். அந்தப் பக்கத்து ஆள் உங்களைத் தாக்கப்போகிறான் போல, நீங்களே முந்திக்கொள்ளுங்கள் என்று எழுதினேன்.

“தம்பி, நீங்க நல்ல ஆளு. நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா இந்த மேப்பே நமக்குத்தான்” என்றார்.

“சரிங்க அண்ணே” என்று எழுதினேன்.

நான்காம் ஞாயிறு தன் எல்லையை என் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். படை முழுவதும் மறுபக்கத்துச் சண்டையில் இருந்தது. தாய்க்கிரகத்தில் காவலுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என் மகள் பிறந்த அன்று வந்த சந்தோஷத்துக்கு அடுத்தது அதுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆறாம் ஞாயிறு, தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உடன்படிக்கையை முறித்தேன்.

“தம்பி, ஒங்க கப்பல் தப்பான பக்கம் வந்திருச்சு போல” என்றார். கொஞ்ச நேரத்தில், “தம்பி! என்னா இது? தம்பி!” என்றார்.

தாய்க்கிரகம் விழுந்தது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக விழுந்தன. நிதானமாக எடுத்தேன். கடைசியில் ஓரத்தில் பனி மூடிய ஒரு சிறு கிரகம் மட்டும் அவரிடம் மிஞ்சியது. அதைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்திவிட்டு முதன்முறையாக மைக்கைத் திறந்தேன்.

“நான் தம்பி இல்ல சேர்.”

சேர் மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

“யாரு… யாருங்க பேசுறது?”

“பதுளைல ஒங்ககிட்ட படிச்சவ. இவங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே, வைரஸ் போட்ட தோட்டத்துப் புள்ள.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “அட, நீயா! அதெல்லாம் பழைய கத. வெளையாட்டுதானேம்மா?”

தம்பி என்று நினைத்த வரைக்கும் ‘நீங்க’. தோட்டத்துப் புள்ள என்று தெரிந்த நொடியே ‘நீ’.

“சர்ட்டிபிகேட் குடுக்காதது வெளையாட்டா சேர்? எங்கம்மாவ வாசல்ல நிக்க வச்சீங்களே, அது?”

“ஒங்கம்மாவா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லியே.”

அவர் பொய் சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது. உண்மையிலேயே மறந்திருந்தார். நான் அந்தச் சேலையின் கரை நிறத்தைக்கூட மறக்கவில்லை.

“சரி. நான் கள்ளம் செஞ்சேனா இல்லியானு இவங்க முன்னால சொல்லுங்க. சொன்னா அந்தக் கிரகத்த விட்டுர்றேன்.”

நடத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

“செய்யல்ல” என்றார் சேர், மெதுவாக. “வைரஸ் நான் வாங்கியாந்த சீடில வந்தது. நீங்க சரியாத்தான் ஜெயிச்சீங்க.”

இத்தனை வருடமும் நான் ஒன்றை நினைத்திருந்தேன். தோல்வி தாங்காமல் அவர் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டார் என்று. அப்படியில்லை. அம்மா வாசலில் நின்றபோதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ‘கொழுந்து பறிக்கிற கை’ என்ற அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

தாக்குதல் பொத்தானை அழுத்தினேன்.

“விட்டுர்றேன்னு சொன்னீங்களே!”

“சொன்னேன் சேர்” என்றேன்.

பனிக்கிரகம் என் நிறத்துக்கு மாறியது. சேர் அப்போதே வெளியேறினார். அதன்பிறகு அந்தக் குழுவில் அவரை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த லீவில் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிரகம், கப்பல் எதுவும் அவருக்குப் புரியவில்லை.

“அவரு வாயாலயே சொன்னாரா?”

“ஆமாம்மா. எல்லாரும் கேட்டாங்க.”

“ரெண்டு தடவ சொல்ல வச்சிருக்கலாம்” என்றார் அம்மா.

குழுவில் சிலருக்கு என்மேல் கோபம். சேர் செய்தது தப்புதான், ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டு மீறலாமா என்றார்கள். நடத்துனர் மட்டும் தனியாக எடுத்து, “அக்கா, அடுத்த ஆட்டத்துக்கு வருவீங்கதானே?” என்று கேட்டார். போனேன். என்னோடு உடன்படிக்கைக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. மூன்று பக்கமும் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். அந்த ஆட்டத்தில் முதலில் அழிந்த பேரரசு என்னுடையதுதான். லெப்டொப்பை மூடிவைத்துவிட்டு, அடுத்த நாள் பாடத்துக்கான பின்னக் கணக்குகளை எழுத உட்கார்ந்தேன்.