நன்னாரி ரத்தம்

நன்னாரி சர்பத் மணத்தால் மற்றவர்களுக்குத் தாகம் வரும். எனக்கு ரத்தம் நினைவுக்கு வரும்.

எண்பதுகளில் பரவைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் பேய்ப் படம் எடுத்தார்கள். ஏழைக் கம்பெனி. உச்சி வெயிலில் கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடியைச் செருகி, நடுநிசி என்றார்கள். வெயிலைத் தவிர எல்லோரும் நம்பினோம். தொங்கவேண்டிய புளியமரத்தைப் பார்த்ததும் பேயாக வந்த நடிகை ஊர் திரும்பிவிட, வெள்ளைச் சேலை அங்கே என்னோடு எடுபிடியாக இருந்த சிநேகிதனுக்கு வாய்த்தது.

அவனுக்கு அது உயிர்ப்பிரச்சினை. திருமங்கலத்துக்குத் தெற்கே பெண் பார்த்து, மனதைப் பறிகொடுத்து, “சினிமாவுல இருக்கேன்” என்று அளந்துவிட்டு வந்திருந்தான். “படம் வரட்டும் தம்பி, பாத்துட்டுச் சொல்றோம்” என்றிருந்தார் பெண்ணின் அப்பா.

நன்னாரி சர்பத்தில் கேசரிப் பவுடரைக் குழைத்தால் ரத்தம். அதை வாயோரம் வழியவிட்டு அவனைக் கயிற்றில் ஏற்றினார்கள். சம்பளம் கேட்காத கட்டெறும்புகள் சேலைக்குள் புகுந்தன.

“அண்ணே, கடிக்குதுண்ணே! எறக்குங்கண்ணே!”

“பிரமாதம்! அப்படியே துடிய்யா!” என்றார் டைரக்டர்.

இன்றைய பேய்கள் கம்ப்யூட்டரில் பிறந்து கம்ப்யூட்டரிலேயே பறக்கின்றன. வாய் நிறையப் பல்; ஆனால் வேர்க்காது, அரிக்காது. ஓர் எறும்புகூட நம்பாத ரத்தம். நான் மட்டும் எப்படி நம்ப?

திருமங்கலத்துக்குப் படம் வந்தது. பெண்வீட்டாரும் வந்தார்கள். திரையில் அவன் உதடு “கடிக்குது” என்றது, பின்னணியில் ஒரு பெண்குரல், “பழி வாங்குவேன்!” என்றது.

“பேய் பழி வாங்கலடா, சொறியுது!” என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்த, கொட்டகையே சிரித்தது. அத்தனை பேரில் உண்மையாக நடுங்கியது சிநேகிதன் உட்கார்ந்திருந்த என் பக்கத்து நாற்காலி மட்டுமே.

படம் முடிந்ததும் பெண்ணின் அப்பா கேட்டார். “எங்கப்பா ஒன்னையக் காணோம்?”

“அந்தப் பேயி... நாந்தாங்க.”

அவர் விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ்ஸில் ஏறும்போது, “கலந்துக்கிட்டுத் தாக்கல் சொல்லி விடுறோம். கெளம்புறோம்” என்றார். ‘வாரோம்’ என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் அதற்குமேல் ஒரு மறுப்பு கிடையாது. சிநேகிதன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

பஸ் உறுமியது. ஜன்னலோரம் இருந்த பெண் முந்தானையால் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல்முறையாக அவனிடம் பேசினாள்.

“அடுத்த படத்துலயாச்சும் ஆம்பளையா நடிங்க. வாரேன்.”