மெரீனா பிடித்த ஆலாத்தித் தட்டு

போன வைகாசி முதல் ஞாயிறு. வழக்கம்போல விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டு, பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெள்ளவத்தை மண்டபத்துக்குப் போனேன். மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு.

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மெரீனாவும் வந்திருந்தாள். தொலைக்காட்சி நடிகை, ஊரெல்லாம் தெரிந்த முகம். எனக்கோ, நான் டெங்குவில் கிடந்தபோது மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள்.

என் மச்சாள், கணவரின் தங்கை, அவளோடு நாலைந்து செல்பி எடுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆலாத்தி எடுக்க மட்டும் அவவை விடாதேங்கோ மச்சாள். புருஷனை விட்டவ."

மெரீனாவுக்குக் கேட்டுவிட்டது. "நான் மேடைக்கு வரேல்லை அக்கா, கீழேயே இருக்கிறன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது டிவியில் சிரிக்கும் சிரிப்பு. என் குசினியில் அடுப்படியில் நின்று கதைக்கும்போது அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

ஆலாத்தித் தட்டை இரண்டு பெண்கள் சேர்ந்து பிடிப்பது எங்கள் வழக்கம். ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.

"மற்றப் பக்கத்தை வந்து பிடி மெரீனா. எனக்குக் கை நோகுது."

"அண்ணா" என்று மச்சாள் என் கணவரைப் பார்த்தாள். அவர் வீடியோக்காரரைப் பார்த்தார். மெரீனா தயங்கித் தயங்கி மேடையேறினாள். இருவருமாக ஆலாத்தி சுற்றினோம்.

என் பிள்ளையை வாழ்த்த யாருக்குத் தகுதி உண்டு என்பதைத் தாலியைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை.

மறுநாள் காலை எழும்பியதும் முதல் வேலையாக, நானும் மெரீனாவும் ஆலாத்தி சுற்றும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.