கண்ணாடிக்குள் கால் இல்லை

சித்தப்பா மகனின் வீடியோ கேம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெறும் தரையில் தடுமாறி, பீரோவில் நெற்றியை இடித்துக்கொண்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னையே இது சாய்க்கிறதென்றால், வயதானவர்களில் யார் விழக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லாதா? பயோமெடிக்கல் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் திரிந்த நேரம். மூன்றே மாதத்தில் அதற்கொரு சோதனைக் கருவி செய்து முடித்தேன். மெய்நிகர் கண்ணாடிக்குள் ஒரு பாதை, அதில் ஓடும் சிவப்புப் புள்ளி. கண் அதைத் தொடர்கிறதா என்று உள்ளேயுள்ள கேமரா பார்க்கும். உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று காலடியில் விரித்த பாய் அளக்கும்.

எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் சோதனைக்குத் தன் அறையையே ஒழித்துக் கொடுத்தார். "வயசானவங்க சரிவுல உழுந்துரக் கூடாதுங்க தம்பி" என்றார். தேயிலை விலை சரிந்து, ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அந்த நேரத்தில் இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் வந்தவர் பக்கத்து லைன் வீட்டுப் பெரியம்மா. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்து, அன்றிலிருந்து கொழுந்து பறிப்பவர். கண்ணாடியை மாட்டியதுமே கீழே குனிந்தார்.

"தம்பி, எங்கால எங்க வச்ச?"

"உள்ள கால் தெரியாது பெரியம்மா. புள்ளிய மட்டும் பாருங்க."

"காலப் பாக்காம எவ அடி வைப்பா? கால்ல அட்டை ஏறுனா யாரு பாக்குறது, ஒன் புள்ளியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கீழே பார்த்த ஒவ்வொரு முறையும் பிழை என்று பதிவானது. கால் தெரியாத பயத்தில் உடம்பு ஆடியது, அதுவும் பதிவானது. சரிவில் அடுத்த அடிக்கு முன் காலைப் பார்த்துக்கொள்வது மலையில் பறிக்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் நடப்பாள். அது உறைக்காமல் 'விழும் அபாயம்' என்று அச்சடித்து, கையெழுத்தும் போட்டு, பெருமையாக ஆபீசரிடம் நீட்டினேன்.

திங்கட்கிழமை காலை அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அந்தத் தாளைக் காட்டிப் பெரியம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை போனால் மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும். ஆபீசரிடம் ஓடினேன்.

"மெஷினே சொல்லுதுங்க. ஆளக் கொறைக்கிறது எப்படீன்னு முழிச்சிட்டிருந்தோம், நல்ல காரியம் பண்ணிக் குடுத்தீங்க" என்றார், வடையை மென்றபடி. எண்ணெய் விரல் என் கையெழுத்தின் மேலேயே இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமல்ல.

சாயங்காலம் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒங்கம்மாவுக்கும் மாட்டிப் பாத்தியா அத?"

பார்க்கவில்லை.

கண்ணாடிக்குள் இப்போது கால் வரைந்துகொண்டிருக்கிறேன், நீல ரப்பர் பூட்ஸோடு. கீழே பார்ப்பதைப் பிழையாக எண்ணும் நிரல் வரியை அழித்தாயிற்று. முதல் சோதனை தப்பு, தப்பு என்னுடையது என்று எஸ்டேட் மேனேஜருக்கு எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது, நாளைக்குக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சரிவிலேயே பாயை விரிக்கப்போகிறேன். முதலில் அம்மா. வரச் சம்மதித்தால் பெரியம்மா. இந்த முறை தாள் ஆபீசருக்கு அல்ல, பெரியம்மா கைக்குத்தான் போகும்.