மற்றவன்ரை காரின் பின் இருக்கை

புதுக் காரின் ரப்பர் வாசமும் அம்மா பொரித்துக் கட்டிய தட்டை வடையின் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், அன்று சனிக்கிழமை, அப்பா "மற்றவன்ரை கார்" கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, இங்கேயே படித்துப் பொறியியலாளரான அப்பாவுக்கு ஸ்டுட்கார்ட்டில் ஒரு கார்க் கம்பனியில் வேலை. போட்டிக் கம்பனி புதுக் கார் இறக்கினால் போதும், இவர்கள் அதில் ஒன்றை வாங்கி, மாதக்கணக்கில் ஓட்டி, எங்கே குலுங்குகிறது, எங்கே முனகுகிறது என்று குறை பிடிப்பார்கள். வார இறுதிகளில் அது எங்கள் வீட்டுக்கு வரும். அதற்குள் வடைத்தூள் கொட்டினாலும் அப்பா ஏசமாட்டார். மற்றவன்ரை கார்தானே!

நகருக்குத் தெற்கே இருக்கும் மலைப்பாதையில், வேண்டுமென்றே குண்டும் குழியும் பார்த்து ஓட்டுவார். பின் இருக்கையில் அம்மாவும் நானும். "பின்னுக்கு எப்பிடி? உமக்கு வசதியா இருக்கோ?" என்று வளைவுக்கு வளைவு கேட்பார். வீட்டில் சோறு போடுகிறவளை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர், காருக்குள் மட்டும் அப்படி விசாரிப்பார். அதற்காகவே அம்மா சனிக்கிழமைக்குக் காத்திருந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஓர் இலையுதிர்காலத்தில் அம்மா சொன்னார்: "நடு முதுகு நோகுதப்பா. நெடுக இருக்க ஏலாமல் கிடக்கு."

அப்பாவுக்கு வந்ததே ஒரு சந்தோசம்! "பாத்தீரே, சீற்றிலை கோட்டை விட்டிட்டாங்கள்!" என்று ஸ்டியரிங்கில் தட்டினார். திங்கட்கிழமை வேலையில் அதைச் சொல்லிப் பாராட்டும் வாங்கிவந்தார்.

அடுத்த சனிக்கிழமை, ஒப்பிட்டுப் பார்க்கவென்று தங்கள் கம்பனிக் காரையே கொண்டுவந்தார். அதே பாதை, அதே குழிகள். "இப்ப சொல்லும், நோகுதோ?"

அம்மாவின் விரல்கள் என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. உதடு வெளுத்திருந்தது. "இல்லையப்பா. இது சோக்கான சீற். ஒரு நோவும் இல்லை" என்றார். அப்பா வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

பிழை இருக்கையில்தான் என்று முடிவான பிறகு, நாள் குறித்து டொக்டரிடம் டெர்மின் எடுப்பதை யார் யோசிப்பார்? குளிர்காலம் முழுவதும் அம்மா சுடுதண்ணீர்ப் போத்தலை முதுகில் வைத்துக்கொண்டு படுத்தார். முள்ளந்தண்டில் புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டது எனக்குக் கேட்டது. "ஏன் அண்டைக்கு நோகேல்லை எண்டு சொன்னனீர்?"

"நீங்கள் அவ்வளவு ஆசையாக் கேட்டியள். உங்கட காரிலை நான் எப்பிடியப்பா குறை சொல்லுறது?"

கோடை வருமுன்னே அம்மா போய்விட்டார். அப்பாமீது எனக்குக் கோபம் உண்டு. அம்மாமீது அதைவிடக் கூட.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக்கு மற்றவன்ரை கார் கொண்டுவருவதெல்லாம் ஒழிந்துபோயிற்று. இப்போது பின் இருக்கையில் உணரிகள் பொருத்திய பொம்மைகளை இருத்தித்தான் ஓட்டிப் பார்க்கிறார்களாம். நல்லதுதான். பொம்மைக்கு யார் கார் என்று தெரியாது, யாரையும் சந்தோசப்படுத்த வேண்டியதும் இல்லை. எங்கே அழுத்துகிறதோ, அங்கே அழுத்துகிறது என்று சொல்லிவிடும்.