தட்டைச் சுற்றும் இரண்டு முந்திரி

எவர்சில்வர் தட்டின் உள்விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் வட்டமாகப் பன்னிரண்டு புள்ளிகள். அவற்றின் மேல் உத்திராபதி இரண்டு முந்திரிப் பருப்புகளை நகர்த்துகிறார். முழுப் பருப்பு ஒரு தடவைக்கு ஒரு புள்ளி. உடைந்த பருப்பு இரண்டு. உடைந்தது சுற்றி வந்து முழுசைப் பிடித்ததும் மூச்சு விடுகிறார். மறுபடி முதலிலிருந்து. சிதம்பரம் வண்டிகேட் பக்கத்து வாடகை வீட்டில், நாற்பது வயதுக்காரர், பெல்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு செய்கிற காரியம் இது. பதினொன்றுக்கு நேர்காணல். தொலைபேசியில்தான்.

"போன்ல ஷூ தெரியுமா என்னா?" என்கிறார் மனைவி சத்யப்பிரியா.

"குரல்ல தெரியும்."

பதினாறு வருடம் மென்பொருள் எழுதியவர். அவர் எழுதிய நிரல் ஒரு மருந்துக் கம்பெனியின் சரக்கை இன்றைக்கும் பிசகில்லாமல் ஊர் ஊராகச் சேர்க்கிறது. 2008 கடைசியில் சென்னையில் நிரலை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு நேர்காணல். யாரும் நிரலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கல்லூரி இரண்டாம் வருடப் பாடம்: ஒரு சங்கிலியின் கண்ணிகள் எங்காவது வட்டமாகச் சுற்றிக்கொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

வேலையில் ஒரு நாளும் தேவைப்படாத கேள்விதான். ஆனால் அவர் குறைசொல்ல முடியாது. ஏழு வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, இதையேதான் அவரும் கேட்டார். "பத்து நிமிஷம் குடுப்பேன். அப்புறம் பேருக்கு நேரா ஒரு பெருக்கல் குறி. மூஞ்சியக்கூட பாக்க மாட்டேன்" என்று சத்யப்பிரியாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேனா இப்போது எதிர்முனையில் இருக்கிறது என்பது தெரிந்ததால்தான் காலையிலிருந்து இந்தத் தட்டும் பருப்பும்.

இதுவும் போனால் பண்ருட்டி. மாமனார் கலியமூர்த்தியின் முந்திரிக் கிடங்கு. வாராவாரம் பருப்பு கொண்டுவரும் மச்சினன் இளவரசு, "ஒண்ணாந்தேதி வந்துடுங்க மச்சான். பருப்பு தரம் பிரிக்க ஆளு பத்தல. நாங்க கேள்வியெல்லாம் ஜாஸ்தி கேக்க மாட்டோம்" என்பான். உத்திராபதி சிரிப்பார். அன்று சோறு இறங்காது.

போன் அடிக்கிறது. சத்யப்பிரியா மிக்ஸியை நிறுத்தி, வாசலுக்கு வந்த கீரைக்காரியைக் கையசைத்தே அனுப்புகிறார். ஸ்பீக்கரில் இளம் குரல். ஆங்கிலத்தில் தொடங்கி, இரக்கப்பட்டுத் தமிழுக்கு இறங்குகிறது. அதே கேள்வி. உத்திராபதியின் முதுகு நிமிர்கிறது.

"ரெண்டு பேர விடணும் சார். ஒருத்தன் நடப்பான், ஒருத்தன் ஓடுவான். வட்டம் இருந்தா ஓடுறவன் நடக்கிறவன பிடிச்சிடுவான்."

"சரி. பிடிக்காம தாண்டிப் போயிட்டா?"

இது விடைத்தாளில் இருந்ததில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. விரல்கள் பருப்புகளை நகர்த்துகின்றன. முழுசு ஒரு சுற்று. உடைந்தது இரண்டு சுற்று. தாண்டவில்லை. புறப்பட்ட புள்ளியிலேயே பிடித்துவிட்டது.

"தாண்டாது சார். பிடிச்சிடுச்சு."

"அதான் எப்படின்னு கேக்கறேன்."

உத்திராபதி இரண்டு கையாலும் தட்டைத் தூக்குகிறார். பருப்பு நகர்ந்துவிடாமல், மெதுவாகச் சாய்த்து, போனுக்கு நேராகக் காட்டுகிறார்.