சுவர்ப் பக்கம் திருப்பிய வலை

அந்தச் சிரிப்புக்காரியைத் தூக்கிக்கொண்டுபோய்த்தான் விமானத்தில் ஏற்றினார்களாம். கண் மேலே செருகிவிட்டதாம். உன் பெயர் என்னம்மா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லையாம். இதைச் செகே விமானத் திடலில் ரொட்டி விற்கிறவள் கிகோவிடம் சொன்னாள். அவளுக்குச் சுமை ஏற்றுகிறவர்கள் சொன்னார்கள். கிகோ தன் மோட்டார் படகைத் துறையில் கட்டி முடிப்பதற்குள் யூனிகேயிடம் சொல்லிவிட்டான்.

"அத்தே, உன் வீட்ல வந்து தங்குச்சே, டோங்காக்காரி. அதுதான்."

மரவள்ளிக் கிழங்கு துருவிக்கொண்டிருந்த யூனிகேயின் கை நின்றது. "யாருடா சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. மலேரியா மண்டைக்கு ஏறிடுச்சாம். ஹொனியாரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உயிரு போயிடுச்சுன்னு ஒருத்தன் சொல்றான். இல்லல்ல, அவங்க ஊருக்கே அனுப்பிட்டாங்கன்னு இன்னொருத்தன்."

"நீ கண்ணால பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? நான் ரொட்டி வாங்கப் போனேன்."

கிகோ போய்விட்டான். யூனிகே கிழங்கையும் துருவியையும் அப்படியே வைத்துவிட்டு, தண்ணீர் மேல் கால் ஊன்றி நிற்கும் விருந்தினர் அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

சாலமன் தீவுகளில், மரோவோ கடற்கழியின் இந்தக் கரையில் யூனிகேயைத் தெரியாத வீடு கிடையாது. வலைப் போலீஸ் என்றுதான் பெயர். கொசுவலைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய வருஷத்திலிருந்து, படகில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தவள் அவள். கொடுத்ததோடு விட்டாளா? மறு மாதம் போய்க் கட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள். ஒருமுறை மாங்குரோவ் காட்டோரம் ஒருத்தி புது வலையை விரித்து நெத்திலி வாரிக்கொண்டிருந்தாள். யூனிகே துடுப்பாலேயே வலையைத் தூக்கிவிட்டாள். "ஏண்டி, மீனா உன் புள்ளைக்குக் காய்ச்சல் குடுக்குது?" என்றாள். அவளும் சளைக்கவில்லை. "மீனத் திங்கலாம்க்கா. கொசுவத் திங்க முடியுமா?" கடற்கழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. யூனிகேயும் சிரித்தாள், ஆனால் வலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்புறம் அவளும் கணவன் மேசாக்கும் மிச்சம் கிடந்த பலகைகளை வைத்து அந்த அறையைக் கட்டினார்கள். வந்து தங்குகிறவர்களுக்கு அவள் சொல்லும் பாடம் மாறவே மாறாது. பொழுது சாயும் முன் முழுக்கைச் சட்டை போடு. காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவு, மணல்பூச்சி வழுக்கி விழும். புகை கண்ணைக் கரித்தாலும் உரிமட்டைச் சட்டியைத் தள்ளி வைக்காதே. கிளம்பும்போது கடைசியாக ஒன்று: ஊருக்குப் போய் ஒரு மாதத்துக்குள் லேசாகக் குளிரெடுத்தாலும் சரி, சளி என்று படுத்துவிடாதே, ஓடிப்போய் ரத்தம் காட்டு, சாலமன் தீவுகளில் இருந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லு. படகுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி முடித்த பிறகுதான் கயிற்றை விடுவாள்.

கலோலைனி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது இறங்குகிற நேரம். சூரிய விளக்குகளைப் பழுது பார்க்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தீவு தீவாகப் போகிறவள். நல்ல ஆகிருதி. படகிலிருந்து அவள் இறங்கியதும் படகு ஒரு சாண் மேலே வந்தது. அதற்கும் அவளே முதலில் சிரித்தாள்.

"அக்கா, எங்க ஊர் கொசு சும்மா பாட்டுத்தான் பாடும். உங்க ஊர் கொசு ரத்தத்துல காய்ச்சலையே ஏத்திடுமாமே?"

"மலேரியா மாத்திரை போடுறியா?"

"போட்டேன். ராத்திரி பூரா செத்துப்போன மாமனாரு கனவுல வந்து சண்டை போடுறாரு. நிறுத்திட்டேன்."

யூனிகே கடிந்துகொள்ள வாயெடுத்தாள். அதற்குள் வேறு நினைப்பு வந்து நெஞ்சில் குத்தியது. அறையின் வலை. போன வாரம் தங்கியவர் கொசுவத்தியைக் கட்டில் ஓரமாகவே வைத்துவிட்டுத் தூங்க, கங்கு பட்டு வலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று வாரம் ஓடிவிட்டது. இப்போது சூரியன் மறைகிறது. தேவாலய மணி அடித்துவிட்டது. இவர்களுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள்; வெள்ளி பொழுது சாய்ந்து அது தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் யாரும் ஊசி தொடமாட்டார்கள். அடுப்புக்கூட மறுநாள் மாலைவரை ஆறிக் கிடக்கும்.

மேசாக் அவளைச் சமையல்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "நம்ம வலையக் கழட்டிக் குடு. அதுல ஓட்டை இல்ல."

"அந்தக் கரி புடிச்சதையா? நம்ம வேர்வை நாத்தம் வேற. வந்த மனுஷிக்கு அதைப் போய்க் கட்டுவாங்களா?"

"சரி, அந்த ஓட்டைய முடிச்சாவது போடு. முடிச்சு போடுறது வேலையில சேராது. போதகர்கிட்ட வேணா நான் பேசிக்கிறேன்."

"முடிச்சு போட்டா அசிங்கமாத் தெரியும். வலைப் போலீஸ் வீட்டு வலையே கிழிசல்னு அந்தப் பொம்பள தீவு பூரா சிரிச்சுக்கிட்டே சொல்லுவா."

வலையை அப்படியே சுற்றித் திருப்பி, ஓட்டையைச் சுவர்ப் பக்கம் விட்டாள். இடையில் தலையணையைச் செருகினாள். வெள்ளைவெளேரென்று, பார்க்க அழகாக இருந்தது. கலோலைனி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி தூங்கப் போறேன்" என்றாள்.

காலையில் அவளுடைய வலது கை, தோளிலிருந்து முழங்கை வரை தடித்திருந்தது. தூக்கத்தில் புரண்டு தலையணையைத் தள்ளியிருக்கிறாள். அதற்கும் சிரிப்பு. "அக்கா, உங்க கொசு என்னைய ரொம்ப நேசிக்குது!"

"டோங்கா ருசி அதுங்களுக்குப் புதுசு" என்றாள் யூனிகே. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தைத்திருக்கலாம். பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், கலோலைனி தன் ஊர்ப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள், கீழ்க்குரல் யூனிகேக்குத்தான் சரியாக வந்தது. பாட்டு முடிந்தபோது விருந்தாளி உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தாள். வலை அப்படியே கிடந்தது. ஞாயிறு அன்றுதான், அவள் கடலில் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவசர அவசரமாகத் தைத்தாள். கடைசித் தையலில் கலோலைனி தலை துவட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயையோ, ஞாயித்துக்கிழமை ஊசி எடுத்துட்டியா! எங்க ஊர்ல ஞாயிறுதான் ஓய்வுநாள், உன்னைய ஜெயில்ல போட்டுருவாங்க. என்ன அது?"

"ஒண்ணுமில்ல. சின்னப் பிரிசல்."

திங்கட்கிழமை காலை அவள் அடுத்த தீவுக்குக் கிளம்பினாள். யூனிகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிரெடுத்தா ரத்தம் காட்டு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், ஏன்க்கா, அந்தக் கடியெல்லாம் அந்தப் பிரிசல் வழியா வந்ததா என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து யூனிகே, "நல்லபடியா போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிக் கயிற்றை விட்டாள். கலோலைனி தன் எண்ணை அவள் போனில் தானே போட்டுக் கொடுத்திருந்தாள். "பாட்டு மறந்துபோச்சுன்னா கூப்பிடு, போன்லயே பாடுறேன்."

அன்றைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கிகோவின் இந்தச் செய்தி.

மேசாக் விறகைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கிகோ அவனிடமும் சொல்லியிருந்தான்.

"அவ எத்தனை தீவு சுத்தியிருக்கா. எந்தக் கொசுன்னு யாரு கண்டா? கடிச்ச கொசு பேரு எழுதி வச்சுட்டா போகும்? மாத்திரையையும் நிறுத்தினது அவதானே."

"கொசு எதுவா வேணா இருக்கட்டும்" என்றாள் யூனிகே. "நான் சொல்லாம விட்டேன்ல. எல்லாருக்கும் சொல்லுவேன். தேங்கா வாங்க வந்த சீனாக்காரனுக்குக்கூடச் சொன்னேன். அவளுக்கு மட்டும் சொல்லல. குளிரு வந்ததும் சளின்னு நெனச்சுப் படுத்திருப்பா. அவ ஊர்ல குளிருன்னா சளிதானே."

மேசாக் அவள் விட்ட கிழங்கை எடுத்துத் துருவத் தொடங்கினான். அவனுக்கும் யூனிகேக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் காய்ச்சல் எத்தனை முறை வந்து போனது என்று யாரும் எண்ணி வைத்ததில்லை. வரும், உடம்பை உதறும், நாலு நாள் கிடப்பார்கள், எழுந்து தோட்டத்துக்குப் போவார்கள். பிறந்ததிலிருந்து அதோடு மல்லுக்கு நிற்கிற உடம்பு. அதைப் பார்த்தே இராத உடம்புக்குள் அது புகுந்தால் என்ன செய்யும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவளே அவள்தான்.

"கூப்பிட்டுப் பாரு" என்றான் அவன் கடைசியில்.

"கூப்பிட்டு? செத்துட்டியான்னு கேக்கவா?"

"ஓட்டை இருந்துச்சுன்னு சொல்லு. அதத்தானே சொல்லணும் உனக்கு?"

போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் பாறைமுனைக்குப் போகவேண்டும். மேசாக் துடுப்புப் போட்டான். யூனிகே ஓடத்தின் முன்பக்கம் உட்கார்ந்து வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். கலோலைனி, நான் யூனிகே. இல்லை. எப்படிம்மா இருக்க என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால்? புருஷன் எடுத்தால்? நான் யார் என்று சொல்வது? அவள் மூன்று ராத்திரி தூங்கிய வீட்டுக்காரி.

முனையில் போனின் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எண்ணை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ வெகு தூரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

"அடிக்குது" என்றாள்.

"அடிச்சா நல்லதுதானே. யாரோ சார்ஜ் ஏத்தி வச்சிருக்காங்க."

"யாரு ஏத்தினதுன்னு தெரியலியே."

ஓடம் அலையில் மெல்லப் பாறையை நோக்கி ஒதுங்கியது. மேசாக் துடுப்பை ஊன்றி அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டான். மணி அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். காதோடு போனை அழுத்திப் பிடித்து, மற்ற காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மணி மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது.