பெரியப்பா கணினிக்குத் தைத்த உறை

அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம்தான். இப்போது நினைத்தாலும் அது முழுதாக ஆறவில்லை.

வெள்ளாங்குளத்தில் பெரியப்பாவுக்கு ஒரு தென்னங்காணி. யுத்தத்தில் விட்டுவிட்டு ஓடியது. திரும்பிப் போனபோது அதற்குள் ஓர் அரசுத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. கிணறு யார் வெட்டியது, எந்தப் பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொன்னது அரசாங்கக் காணிக் கந்தோர். காணியின் உறுதிப்பத்திரம் எப்போதோ எரிந்துபோயிற்று. இந்த எழுத்தை விட்டால் அவருக்கு வேறு ஆதாரம் இல்லை.

அதை அவர் எழுதும் கணினியோ அரை மணித்தியாலம்கூட ஓடாமல் அணைந்து அணைந்து போனது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரவுண் கடைத்தெருவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றபோது பழுதான கணினிகளைக் கழற்றிப் பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஒவ்வோர் ஆணியைக் கழற்றும்போதும், திரும்பப் பூட்ட வராதோ என்று அதன் இடத்தைத் தாளில் குறித்து வைப்பேன். எங்கள் தீவிலேயே தோட்டவெளியில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு மூன்று முறை போனேன். வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுத்தான் போவேன். மூன்று முறையும் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தூசு தட்டினேன், வயர் மாற்றினேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் போன் அடிக்கும்.

"பிள்ளை, திரும்ப நிண்டிட்டுது. நீ வந்தா ஓடுது, போனா நிக்குது. என்ன செய்து வைச்சிட்டுப் போறாய்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை பெரியப்பா. எழுதினதை சேவ் பண்ணினீங்களோ?"

"முடியாத கடிதத்தை ஆரும் என்வலப்புக்க போடுவினமோ?"

பாதி ஆயுளைத் தபால்கந்தோரில் கழித்த மனிதர். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். நான்தான் எதையோ உடைத்துவிட்டேனோ என்று பயந்து பயந்து, அந்தப் பயமெல்லாம் கோபமாகத் திரண்டது.

வியாழன் காலை அவர் போன் எடுக்கவில்லை. விழுந்துவிட்டாரோ, நெஞ்சுவலியோ, என் மூளை இப்படித்தான் ஓடும். பஸ் பிடித்துப் போய், பின்னால் குசினிக் கதவால் உள்ளே நுழைந்தேன்.

பெரியப்பா கதிரையில் இருந்து சுகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே கணினிப் பெட்டி தடித்த ரெக்சின் உறைக்குள் இருந்தது. அவரே தைத்தது. வயர் மட்டும் வெளியே. பின்பக்கம் நாடாவால் இறுக்கிக் கட்டு. தொட்டேன். கை சுட்டது. இந்தச் சூட்டில்தான் அது அணைந்து அணைந்து போயிருக்கிறது.

"என்ன பெரியப்பா இது?"

"உப்புக்காத்தெல்லோ. துருப்பிடிச்சிடும்."

"ஓடேக்கையுமோ?"

"ஓடேக்கைதானே அது காத்தை உள்ளுக்கு இழுக்குது!"

"நான் வந்த நேரம் இது இருக்கேல்லையே."

"வீட்டுக்கு ஆள் வரேக்க மூடிக் கட்டி வைச்சிருக்கிறதே? கழட்டி உள்ளுக்கு வைச்சிடுவன்."

எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். தையல்மெசினும் ரீவியும் மூடியே கிடக்கும். ஆள் வருவது தெரிந்தால் உறை அறைக்குள் ஓடிவிடும். என் வீட்டிலும் அப்படித்தான். தெரிந்திருந்தும் கேட்காமல் விட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினேன்.

"நாளைக்குக் காணி போகப்போகுது, நீங்கள் பெட்டிக்குச் சட்டை தைக்கிறியள்!"

அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"கத்தாதை. இரு. நான் சொல்லுறன், நீ தட்டு."

அவர் சொல்ல நான் தட்டினேன். வரிக்கு வரி சேவ் பண்ணினேன். இடையிடையே திரையில் விரலை வைத்தார்.

"இதில ஒற்று விட்டிட்டாய்."

"காணியைப் பாருங்கோ. ஒற்றைப் பிறகு பாப்பம்."

பின்னேரம் எழுதி முடிந்தது. மறுநாள் காலை நானும் பெரியப்பாவும் கொண்டுபோன கந்தோரில், மேசையில் இருந்தவர் ஒரு வரிகூடப் பார்க்காமல் அதை ஒரு குவியலின் மேல் போட்டார்.

"வைச்சிட்டுப் போங்கோ."

"எங்கட கொப்பியில திகதி போட்டு சீல் அடிச்சுத் தாங்கோ."

"இஞ்ச அப்பிடி வழக்கம் இல்லை, தங்கச்சி."

"இல்லாட்டி இண்டையில இருந்து தொடங்குங்கோ. நாளைக்குக் கிடைக்கேல்லை எண்டு சொல்லுவியள். அடிக்காம நான் இந்த இடத்தை விட்டு அரக்கமாட்டன்."

எங்கள் கொப்பியை அவர் முன்னால் தள்ளினேன். அவர் மேசை லாச்சியை இழுத்துக் கிளறி, முத்திரையை எடுத்து, என் மேலிருந்த எரிச்சலை எல்லாம் தாளில் ஓங்கி அடித்தார்.

பெரியப்பா அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"திகதி மங்கல், பிள்ளை. இன்னொருக்கா அடிக்கச் சொல்லு."

சொன்னேன்.